எது வயசு, எது வண்டி

சைக்கிளில் எனக்கு இப்போது கஷ்டமான பகுதி ஓட்டுவது இல்லை, ஏறி உட்காருவது. வலது காலைத் தூக்கி, சீட்டுக்குப் பின்னால் சுற்றி, அந்தப் பக்கம் போட வேண்டும் அல்லவா, அந்த ஒரு நொடி. ஐம்பது வருடமாக யோசிக்காமல் செய்த காரியம். போன மார்ச்சில் வேலூர் பாகாயத்தில் ஒரு டீக்கடை வாசலில் ஷூ நுனி சீட்டில் மாட்டிக்கொண்டது. நானும் வண்டியும் ஒன்றாகச் சாய்ந்தோம். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார். "இன்னா பெரியவரே, தல சுத்துதா?"

தலை சுற்றவில்லை. அந்தப் 'பெரியவரே'தான் சுற்றியது.

எனக்கு 61 வயது. சர்வேயராக வேலை பார்த்து 2024-ல் ஓய்வு பெற்றேன். தொண்ணூறுகளில் ஹீரோ ரேஞ்சரைப் பார்த்தபோதே அந்த நேரான ஹேண்டில்பார் மேல் எனக்கு ஒரு கண். ஆனால் கியர் வைத்த, முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் இருக்கிற ஒரு நிஜமான மலைச் சைக்கிளை வாங்க 2008 வரை ஆகிவிட்டது. அப்போது எனக்கு 44. சென்னைக்குப் போய் 19,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். அந்த மாதம் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அலுமினிய ஃப்ரேம், 26 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு. இன்றும் அதுதான் ஓடுகிறது.

வேலூரில் மலைச் சைக்கிள் ஓட்ட எங்கே இடம் என்று கேட்பவர்கள் உண்டு. ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி இருக்கிறது: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் 1981-ல் திரும்பி வந்துவிட்டார், அதனால் முதல் வரி இனி செல்லாது. பாலாறும் அவ்வப்போது வெள்ளம் காட்டி நம் வாயை அடைக்கிறது. ஆனால் அந்தக் கடைசி வரி, மரம் இல்லாத மலை, எங்களைப் போன்றவர்களுக்கு வரம். கிரானைட் பாறை, அது உதிர்ந்து கிடக்கும் பருக்கை மணல், நடுவில் வேலிகாத்தான் புதர். ஆட்டுக்காரர்களும் கல் உடைப்பவர்களும் போட்ட தடங்கள்.

எனக்கு இன்னொரு வசதியும் இருந்தது. கிராம வரைபடத்தில் 'வண்டிப்பாதை' என்று போட்டிருக்கும் புறம்போக்குக் கீற்றுகள் எங்கெங்கே ஓடுகின்றன என்று மனப்பாடமாகத் தெரியும். மாட்டுவண்டி போய் எத்தனையோ வருடம் ஆகியும் காகிதத்தில் அந்தப் பாதை உயிரோடு இருக்கும். நேரில் போனால் பாதி இடத்தில் யாரோ வேலி போட்டிருப்பார்கள், கால்வாசியைக் கல்குவாரி தின்றிருக்கும், மீதி எனக்கு. காப்புக்காட்டுக்குள் மட்டும் நுழைவதில்லை. எல்லைக் கல் நட்டுப் பிழைத்தவன் எல்லைக் கல்லைத் தாண்டினால் நன்றாக இருக்காது.

வழக்கமான ஓட்டம் பாலமதி. பாகாயம், ஓட்டேரி, அப்புறம் மலைச்சாலை. மேலே முருகனைப் பார்த்துவிட்டு இறங்கி, அடிவாரத்தில் தார்ச்சாலையை விட்டு விலகி, ஒரு கைவிடப்பட்ட குவாரிக்குப் பின்னால் இருக்கும் பாறைச் சரிவு வழியாக வீடு. அந்தச் சரிவுக்கு நான் வைத்த பெயர் மூக்குடைப்பான். 2022-ல் அது மூக்கை விட்டுவிட்டு என் இடது மணிக்கட்டை உடைத்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அதற்குப் பிறகுதான் கணக்கு ஆரம்பித்தது. முழங்கால் வலி: வயசு. கை மரத்துப்போவது: வயசு. இறங்கும்போது பயம்: வயசு. ஏற்றத்தில் மூச்சு: கேட்கவே வேண்டாம். எந்த உபாதை வந்தாலும் ஒரே பட்டாவில் சேர்த்துப் பதிந்துகொண்டே இருந்தேன். ஒரு எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். படத்தைப் பார்த்தார், காலை மடக்கி நீட்டினார், "உங்க வயசுக்கு மூட்டு நல்லாவே இருக்கு, ஓட்டுங்க, லேசான கியரில் ஓட்டுங்க" என்றார். நல்லாவே இருக்கிற மூட்டு ஏன் வலிக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

போன தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து பையன் வந்தான், காரின் பின்னால் தன் சைக்கிளை மாட்டிக்கொண்டு. 29 அங்குலச் சக்கரம், முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், பின்னால் பன்னிரண்டு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கேசட், அதாவது பின் பல்சக்கர அடுக்கு. ஹேண்டில்பார் எருமைக் கொம்பு மாதிரி அகலம். எனக்குப் பார்த்ததும் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமை.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கப்பா" என்றான். "இதுல சீட் இறங்கும்."

ஹேண்டிலில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல். அதை அழுத்தி உட்கார்ந்தால் சீட் அப்படியே கீழே போகிறது. எழுந்து மறுபடி அழுத்தினால் மேலே வந்து நிற்கிறது. ட்ராப்பர் என்கிறார்கள். மலைச் சைக்கிள்காரர்களுக்கு இது பழைய செய்தி. 2008-லேயே உறைந்துபோன எனக்குப் புதுசு. சீட்டை முழுக்க இறக்கி வைத்துக் காலைப் போட்டேன். சுலபமாகப் போனது. டீக்கடை வாசல் ஞாபகம் வந்தது.

பாலமதி ஏறினேன். பாதி வழியில் ஏதோ விட்டுப்போனது போலிருந்தது. சாவியா, தண்ணீர் பாட்டிலா என்று யோசித்து, அடுத்த வளைவில்தான் தெரிந்தது. இடது முழங்கால் வலிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்தேன். சர்வேயர் வீட்டில் டேப்புக்குப் பஞ்சமில்லை. பெடல் அச்சிலிருந்து சீட் மேல்பரப்பு வரை அவன் வண்டியில் ஒரு அளவு, என் வண்டியில் ஒரு அளவு. இரண்டிலும் பெடல் அடியில் இருக்கும் நிலையில், சீட் குழாயின் கோட்டிலேயே அளந்தேன். அவன் எனக்காக ஏற்றி வைத்த உயரத்தைவிட என் சீட் 38 மில்லிமீட்டர் தாழ்வு.

காரணம் எனக்கே தெரியும். மூக்குடைப்பானில் இறங்கும்போது உயரமான சீட் முதுகில் முட்டி ஆளை முன்னால் தள்ளும். ஏறும்போதோ சீட் உயரமாக இருந்தால்தான் கால் கிட்டத்தட்ட நீளும். ஒவ்வொரு முறையும் நிறுத்தி, இறங்கி, சீட்டுக்குக் கீழே இருக்கும் கிளிப்பைத் தளர்த்தி இறக்கி ஏற்ற எனக்குச் சோம்பல். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு உயரத்தில் வைத்துவிட்டேன். மணிக்கட்டு உடைந்த பிறகு இன்னும் கொஞ்சம் இறக்கினேன். தாழ்ந்த சீட்டில் முழங்கால் அதிகமாக மடங்கிய நிலையிலேயே எடையைத் தள்ளுகிறது, முழங்கால் சில்லின் மேல் அழுத்தம் கூடுகிறது. சைக்கிள்காரர்களுக்கு முழங்காலின் முன்பக்கம் வலித்தால் முதலில் பார்க்க வேண்டியது சீட் உயரத்தை. இதை நான் ஊர்ப் பையன்களுக்கே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

அதாவது மூன்று வருடமாக வயசு என்ற பெயரில் நான் பதிந்து வைத்திருந்தது 38 மில்லிமீட்டர்.

இது தெரிந்ததும் எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. பட்டாவை உட்பிரிவு செய்ய வேண்டும். எது வயசு, எது வண்டி.

அடுத்து பயம். பையனின் வண்டியில் மூக்குடைப்பானைப் பார்த்து நின்றபோதும் பயம் இருந்தது, ஆனால் இறங்க முடிந்தது. முன் ஃபோர்க் தரையோடு செய்யும் கோணத்தைப் பழைய வண்டிகளில் 71 டிகிரி அளவில் வைப்பார்கள். இப்போதைய வண்டிகளில் 66, இன்னும் குறைவாகக்கூட. கேட்க ஐந்து டிகிரிதான். முப்பது வருடம் கோணம் பார்த்துச் சம்பளம் வாங்கியவனுக்கு ஐந்து டிகிரி என்றால் என்ன என்று தெரியும், ஒரு கிராமத்தையே வேறு தாலுகாவில் கொண்டுபோய் வைத்துவிடும். ஃபோர்க் மேலிருந்து அச்சு வரை 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். முன் சக்கரம் ஐந்தாறு சென்டிமீட்டர் முன்னால் போகிறது. பழைய வண்டியில் செங்குத்தான இடத்தில் என் உடம்பு முன் சக்கரத்தின் தலைமேலேயே நிற்கிறது. கல்லில் முட்டினால் ஆள் ஹேண்டிலைத் தாண்டிப் போவார். போயிருக்கிறேன். புதியதில் எனக்கு முன்னால் கொஞ்சம் வண்டி இருக்கிறது.

சக்கர அளவு பற்றித்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். பத்து சென்டிமீட்டர் உயரக் கல்லை என் 26 அங்குலச் சக்கரம் சுமார் 46 டிகிரியில் முட்டுகிறது, 29 அங்குலம் 43 டிகிரியில். மூன்றே டிகிரி. ஆனால் ஒரு கல் இல்லையே, நூறு கல். வீட்டுக்கு வந்தபோது கை மரத்துப்போகவில்லை. அதற்குச் சக்கரம் மட்டும் காரணமில்லை. அகலமான டயரில் 25 பிஎஸ்ஐ காற்றோடு ஓட்டுகிறான், நான் 50 வைப்பேன். குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பஞ்சராகும். அவன் வண்டியில் டியூபே இல்லை, உள்ளே பால் மாதிரி ஒரு திரவம், முள் குத்தினால் அதுவே உறைந்து அடைத்துக்கொள்கிறது. வேலிகாத்தான் முள்ளும் நெருஞ்சியும் ஆளும் ஊரில் இதற்குக் கோயில் கட்டலாம். நம் வெயிலுக்கு அந்தத் திரவம் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும், அது வேறு விஷயம். என் ஃபோர்க் எப்போது கடைசியாக அசைந்தது என்பதையும் இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

சரி, ஏற்றம்? இங்கேதான் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு. அந்தச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததும் பாலமதி இனி சமவெளி என்று நினைத்தேன். கணக்கு வேறு சொன்னது. என் வண்டியின் ஆக லேசான கியர், முன்னால் 22 பல், பின்னால் 32. பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 1.42 மீட்டர் போகிறது. அவனுடையது முன்னால் 32, பின்னால் 51, சக்கரம் பெரிசு. ஒரு சுற்றுக்கு 1.45 மீட்டர். என்னுடையதைவிட ஒரு நூல் கனமான கியர்! பதினேழு வருட முன்னேற்றம் ஏற்றத்தில் எனக்குக் கொடுத்தது மைனஸ் மூன்று சென்டிமீட்டர். ஒரே பல்சக்கரம் என்பதால் செயின் கழல்வதில்லை, இடது கைக்கு வேலையில்லை, அதெல்லாம் உண்மை. ஆனால் மூச்சு வாங்கிய இடத்திலேயே அவன் வண்டியிலும் எனக்கு மூச்சு வாங்கியது, கோயிலுக்கு முன்னால் வரும் வளைவில். அந்த வளைவை வயசு பெயரிலேயே பதிந்துவிட்டேன்.

முன் பல்சக்கரத்தை மட்டும் 30 ஆக மாற்றினால் 1.36 மீட்டர் வரும். இதை ஒரு காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

வயசு பெயரில் இன்னும் சில உண்டு. கண். எனக்கு புரோகிரசிவ் கண்ணாடி, மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிக்க. பாறைச் சரிவில் முன் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தரையை எந்தப் பாதி வழியாகப் பார்க்கிறேன்? படிக்கிற பாதி வழியாக. ஆறடி தள்ளி இருக்கும் கல், நீரில் மூழ்கிய கல் மாதிரி தெரியும். ஒரு லட்ச ரூபாய் வண்டியால் இதைச் சரிசெய்ய முடியாது. ஓட்டுவதற்கென்று தூரத்துப் பவர் மட்டும் போட்ட கண்ணாடி ஒன்று தனியாகச் செய்துகொண்டேன், இத்தனை வருடத்தில் நான் செய்த நல்ல சைக்கிள் செலவுகளில் ஒன்று. பஞ்சர் ஒட்டும்போது மட்டும் இன்னொன்றைத் தேட வேண்டும். அப்புறம் வெயில். முன்பெல்லாம் மே மாதத்திலும் எட்டரை வரை ஓட்டுவேன். இப்போது நாலே முக்காலுக்குக் கிளம்பி ஏழுக்குள் கேழ்வரகுக் கூழ்க் கடையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்று முழுவதும் தலைவலி. விழுந்தால் ஆறுவதற்கு ஆகும் நாள்களைச் சொல்லவே வேண்டாம்.

இந்த விளையாட்டே வயசானவர்களின் விளையாட்டாகிக்கொண்டு வருகிறது என்று எனக்கு ஓர் எண்ணம். கலிஃபோர்னியாவில் 1976-ல் ஆரம்பித்த மண் சரிவுப் பந்தயங்களில் ஓட்டிய இளைஞர்களில் கேரி ஃபிஷர், ஜோ ப்ரீஸ் இருவரும் உண்டு. பழைய கனத்த சைக்கிள்களில் இறங்குவார்களாம். பின்பக்க ஹப்பில் இருக்கும் பிரேக் சூடாகி உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்துபோகும், ஒவ்வொரு முறையும் புது கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தச் சரிவுக்கே ரீபேக், அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர் வந்தது. அந்த இருவருமே இன்று எழுபதைத் தாண்டியவர்கள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த இரண்டு பேரை நினைத்து நான் ஆறுதல் அடைகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். "அவங்க வீட்ல எவ்ளோ செலவு பண்ணாங்கன்னு கேட்டீங்களா?" என்றாள்.

பழைய வண்டியையே மாற்றி அமைக்க முடியாதா என்று எங்கள் சைக்கிள் கடை பாயிடம் போனேன். பாய் என்னைவிட இரண்டு வயது பெரியவர், ஆனாலும் என்னை சார் என்பார், நான் அவரை பாய் என்பேன். வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் இத்தயே ஓட்டிகினு கீறீங்களே சார்."

ட்ராப்பர் போடலாம் என்றால் என் சீட் குழாய் ஒல்லி, அந்த அளவில் கிடைப்பது அரிது. ஃபோர்க் மாற்றலாம் என்றால் இப்போது வருவது எல்லாம் அடியில் தடித்து மேலே சிறுத்த குழாய், என் ஃப்ரேமில் நுழையாது. அச்சு வேறு, பிரேக் மாட்டும் இடம் வேறு. நல்ல 26 அங்குல டயருக்கே அவர் பெங்களூருக்குச் சொல்லி அனுப்புகிறார். ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கி, அகலமான ஹேண்டில் மட்டும் போட்டுப் பார்த்தோம். கை சுகமாக இருந்தது, ஆனால் 71 டிகிரியில் குட்டை ஸ்டெம் வைத்தால் வண்டி பயந்த கன்றுக்குட்டி மாதிரி அங்கேயும் இங்கேயும் துள்ளுகிறது.

"சார், ஒண்ணு மாத்தினா ஒம்போது மாத்தணும்," என்றார் பாய். "புதுசு வாங்கிடுங்க. இது வீட்டுக் காய்கறிக்கு."

எலெக்ட்ரிக் வாங்குங்கள் என்று சொன்னவர்களும் உண்டு. 250 வாட், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் பதிவுகூட வேண்டாம். எனக்கு மனசு வரவில்லை. எழுபதில் வரலாம்.

பின்பக்கமும் சஸ்பென்ஷன் இருக்கிற வண்டி மேல் ஒரு வாரம் ஆசைப்பட்டேன். விலையைப் பார்த்து ஆசை பாதி போனது, அதை சர்வீஸ் செய்ய ஊரில் ஆள் இல்லை என்று பாய் சொன்னதும் மீதி போனது. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், ட்ராப்பர் உள்ள வண்டி என்று முடிவு செய்தேன். மிதிவண்டிக்கு ஜிஎஸ்டி 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆனது 2025 செப்டம்பர் 22-ல். அதை மனைவியிடம் மூன்று தடவை சொன்னேன். அப்படியும் ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் நின்றது. "ஏங்க, இந்தக் காசுக்கு ஸ்கூட்டி வாங்கினா நானும் பின்னாடி உக்காருவேன்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

சென்னையில் ஒரு கடையில் சொல்லி வைத்தேன், மீடியம் சைஸ் வந்தால் கூப்பிடச் சொல்லி. அதற்குள் பழைய வண்டியின் சீட்டை 38 மில்லிமீட்டர் ஏற்றி, குழாயில் இரண்டு இடத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன், மேலே ஏற்றத்துக்கு, கீழே இறக்கத்துக்கு. மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். மலைமேல் நின்று, கிளிப்பைத் தளர்த்தி, கீழ்க் கோட்டுக்கு இறக்கி, பூட்டி, அப்புறம் கிளம்புவது. இருபது நொடி. பதினேழு வருடமாக என்னிடம் இல்லாத இருபது நொடி. முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை. பையனிடம் போனில் சொன்னேன். "அப்போ புது வண்டி வேணாமாப்பா?" என்று கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு வேணும் என்றேன். மூக்குடைப்பானின் ஐந்து சென்டிமீட்டருக்கு டேப் ஒட்ட முடியாது.

நேற்றுக் காலை பாலமதி வளைவில், வழக்கமாக மூச்சு வாங்கும் அதே இடத்தில், இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மீடியம் வந்துவிட்டதாம், கறுப்பு நிறம்தான் இருக்கிறதாம், சனிக்கிழமை வரலாமாம். வண்டியை மைல்கல்லில் சாய்த்துவிட்டு, பர்ஸிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன்.

"முன் பல்சக்கரம் எத்தனை பல்?"

"முப்பத்திரண்டு சார்."

"முப்பது மாட்டி வையுங்கள்" என்றேன்.